கலையாத கால்வாய்: கோதையாற்றுப் படத்தைக் கணினியில் வரையும் முறை

மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு என்று நான்கு அணைகள். நடுவில் புத்தன் அணை. அங்கிருந்து பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனார் கால்வாய். இறங்க இறங்க அனந்தனார், தோவாளை, நாஞ்சில்நாடு புத்தனார் என்று கிளைகள். சிற்றாறு பட்டணங்கால் மட்டும் தன் வழியே போய், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டும். அரசின் நீர்த்திறப்பு அறிவிப்புகளில் 79,000 ஏக்கர் என்று கணக்கு வரும், நாகர்கோவில் பக்கத்துக் கோதையாறு பாசனத் திட்டம், பென்சிலால் போட்டால் பத்துப் பெட்டி, பதினைந்து கோடு. கால் மணி நேர வேலை.

அதையே கணினியில் ஒரு மனுவுக்குள் வரைந்து, ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தால் பெருஞ்சாணி அடுத்த பக்கத்தில் கிடக்கும். கால்வாய்க் கோடு எந்த அணையையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தோவாளை என்று அடித்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள் இருக்கும். இதற்குப் பயந்தே பலர் படத்தைக் கையால் வரைந்து, செல்போனில் எடுத்து, ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டிய படத்தில் அடுத்த ஆண்டு ஒரு மதகின் பெயரைத் திருத்த வேண்டுமென்றாலும் முதலிலிருந்துதான் வரைய வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுபோகிறவருக்கு, நீர் எங்கே நின்றது என்று காட்டும் ஒரு படம் நான்கு பக்க விளக்கத்தைவிட உதவும். அந்தப் படம் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை.

ஒட்டிய புகைப்படம் வெறும் புள்ளிகளின் கூட்டம். கோடு எது, பெட்டி எது என்று கணினிக்குத் தெரியாது. எடிட்டரில் வரைந்த ஷேப் அப்படியல்ல. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்ற குறிப்பாகவே அது கோப்பில் இருக்கிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லிப்ரே ஆபீஸின் ஓடிடி அல்லது வேர்டின் டாக்எக்ஸ் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். நீங்கள் போட்ட பாண்டியன் கால் அதற்குள் நான்கைந்து எண்களாக இருக்கும். வேர்டு தன் ஷேப்களை அளக்கும் அலகு மிகச் சிறியது: ஒரு அங்குலத்துக்கு 9,14,400, ஒரு சென்டிமீட்டருக்கு 3,60,000. அங்குலத்தில் அளந்தாலும் சென்டிமீட்டரில் அளந்தாலும் பின்னம் வராமல் இருக்கவே இந்தக் கணக்கு.

இனி ஆங்கர். படம் கலைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒவ்வொரு ஷேப்பும் ஆவணத்தில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் நான்கு வகை உண்டு: பக்கத்தைப் பிடிக்கலாம், பத்தியைப் பிடிக்கலாம், ஒரு எழுத்தைப் பிடிக்கலாம், அல்லது தானே ஒரு எழுத்தாக வரிக்குள் உட்காரலாம். பக்கத்தைப் பிடித்த ஷேப், மேலே நீங்கள் எத்தனை வரி சேர்த்தாலும் அசையாது. அதை விளக்கும் வாக்கியம் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பத்தியைப் பிடித்தது பத்தியோடு நகரும். பத்தியை அழித்தால் ஷேப்பும் போய்விடும். பத்துப் பெட்டிகளையும் அவசரத்தில் போடும்போது ஒன்று முதல் பத்தியையும் இன்னொன்று மூன்றாம் பத்தியையும் பிடித்துக்கொள்ளும். வீட்டுக் கணினியில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்ததால் தெரியவில்லை. கடைக் கணினியில் ஃபான்ட் மாறி, மூன்றாம் பத்தி அடுத்த பக்கத்துக்கு இறங்கியதும் பெருஞ்சாணியும் கூடவே இறங்கிவிட்டது.

மருந்து இதுதான். எல்லா ஷேப்பையும் தேர்ந்து முதலில் குரூப் செய்யுங்கள். பிறகு அந்த குரூப்பைத் தனி வரியில் எழுத்தாக உட்கார வையுங்கள். வேர்டில் இதற்கு ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று பெயர். வரிசை முக்கியம்: ரைட்டரில் எழுத்தாக உட்கார்ந்துவிட்ட ஷேப்களைப் பிறகு குரூப் செய்ய முடியாது. படத்தைச் சுற்றி வரிகளை ஓட விடுவது பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் மனுவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கோடு. புத்தன் அணைப் பெட்டியை ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்த்தினால், அதிலிருந்து கிளம்பும் கால்வாய்களும் கூடவே வர வேண்டும். சாதாரண லைன் வராது, கனெக்டர் வரும். கனெக்டரின் நுனி பெட்டியின் ஓரத்திலுள்ள ஒட்டுப்புள்ளியைப் பிடித்துக்கொள்ளும். இது புதிதல்ல. 1963-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் தம் முனைவர் ஆய்வுக்காகச் செய்த ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில், ஒளிப்பேனாவால் ஒரு முனையை நகர்த்தினால் அதில் சேர்ந்த கோடுகளெல்லாம் பின்னாலேயே வரும். அறுபது ஆண்டு கழித்தும் நம்மில் பலர் பெட்டியை நகர்த்திவிட்டு ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருப்பதற்கு மென்பொருளும் ஒரு காரணம். வேர்டில் கனெக்டர் ஒட்ட வேண்டுமானால், முதலில் ஷேப்ஸ் பட்டியலின் கடைசியில் இருக்கும் ‘நியூ டிராயிங் கேன்வாஸ்’ போட்டு, அதற்குள் வரைய வேண்டும். வெளியே வரைந்தால் கோடு பெட்டியைத் தொடும், ஆனால் பிடிக்காது. ரைட்டரின் வரைபடப் பட்டையில் கனெக்டரே கிடையாது. அதே தொகுப்பிலுள்ள டிராவில் வரைந்துவிட்டு ரைட்டருக்குக் கொண்டுவருவதே நல்லது.

கால்வாய் நேர்கோடாக ஓடாது. வளைவுக்கு கர்வ் கருவியை எடுங்கள். டிராவில் எஃப்8, வேர்டில் ‘எடிட் பாயிண்ட்ஸ்’ கொடுத்தால் வளைவின் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் இருபுறமும் கைப்பிடி போல இரு கோடுகள் நீளும். அவற்றை இழுத்தால் வளைவு மாறும். பிரான்சில் கார் உடல்களை வடிவமைக்க ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேயும், அவருக்கும் முன்பே சிட்ரோயன் நிறுவனத்தின் போல் டி காஸ்டெல்ஜோவும் கண்ட கணக்குதான் இந்த வளைவுக்கு அடிப்படை. புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அனந்தனார் கால்வாயின் ஒரு வளைவுக்கு மூன்று புள்ளி போதும். கையால் இழுத்து முப்பது புள்ளி விழுந்தால், அதைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.

பெயர்களில்தான் தமிழுக்கே உரிய சிக்கல். பழைய டிடிபி ஃபான்ட்களில் அடித்த எழுத்து, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் தமிழாகவே தெரியாது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் வானவில், பாமினி வகைகளில் அடிக்கும் பழக்கம் விடவில்லை. பத்தியில் உள்ளதை கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவிடுவார்கள்; ஷேப்களுக்குள் இருப்பதை மறந்துவிடுவார்கள். யூனிகோடிலும் ஒரு கவனம் வேண்டும். ‘நாஞ்சில்நாடு புத்தனார் கால்வாய்’ லதாவில் ஒரு அகலம், நிர்மலாவில் ஒரு அகலம். பெட்டியை எழுத்தின் அளவுக்கே இறுக்கி வரைந்தால், ஃபான்ட் மாறியதும் கடைசிச் சொல் மறைந்துபோகும். பெட்டியில் கொஞ்சம் இடம் விடுங்கள். பெயரைத் தனி டெக்ஸ்ட் பாக்ஸாக மேலே வைக்காமல் ஷேப்புக்குள்ளேயே அடியுங்கள். ஷேப்பை நகர்த்தினால் பெயரும் வரும்.

வேர்டும் லிப்ரே ஆபீஸும் ஒன்றன் கோப்பை ஒன்று திறக்கும். ஆனால் இரண்டும் ஷேப்பை ஒரே மாதிரி எழுதுவதில்லை. லிப்ரே ஆபீஸின் ஓடிஎஃப் வடிவம் 2006-லும் வேர்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008-லும் சர்வதேசத் தரமாயின. எளிய பெட்டி, கோடு, அம்பு இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போகும். நிழல், முப்பரிமாணம், ஸ்மார்ட்ஆர்ட் என்று போனால்தான் வம்பு. தமிழகத்தின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரையே கற்றுத் தருகிறது. களியக்காவிளை தாண்டிவிட்டால் கேரளப் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருள்தான். வெளியே வந்தால் கடைகளில் இருப்பது வேர்டு. பள்ளியில் படித்ததை எந்த மாணவரும் கைவிட வேண்டியதில்லை. எளிய ஷேப்களோடு நின்றுகொண்டால் போதும்.

நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் தினமும் வரும்: பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, இரு சிற்றாறு அணைகளுக்கும் பதினெட்டுப் பதினெட்டு. மேலே சொன்னபடி வரைந்த படத்தில் அன்றன்றைய நீர்மட்டத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். பெட்டியில் இரண்டு முறை கிளிக் செய்து, எண்ணை அடித்து, எஸ்கேப் தட்டினால் வேலை முடிந்தது. குரூப்பைப் பிரிக்க வேண்டியதுகூட இல்லை. கடைக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், ஃபான்ட் அதிலேயே சேர்ந்து போகும். மூலக் கோப்பைத் தேதி போட்டு விவசாயிகள் சங்கத்துக் கணினியிலோ பள்ளிக் கணினியிலோ சேமித்து வையுங்கள். கன்னிப்பூ நெல் பருவத்துக்கு வரைந்த படத்தைக் கும்பப்பூ பருவத்துக்குத் திருத்தப்போவது வேறொருவராக இருக்கலாம். அவருக்கு வேண்டியது அந்த மூலக் கோப்புதான்.