விரலிக்குள் ஒரு வகுப்பறைக் கணினி

வன்தட்டு பழுதுற்ற கணினி இனி உதவாது எனப் பலரும் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். திரையும் நினைவகமும் நன்னிலையில் இருக்குமாயின், அக்கணினியை மாணவர்க்குப் பயன்படச் செய்ய வழியுண்டு. இயங்குதளம் முழுவதையும் பெண்டிரைவ் எனப்படும் விரலியில் அமைத்து, அதிலிருந்தே கணினியை இயக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இம்முறை புதியதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் குனோப்பர், குறுந்தட்டிலிருந்தே இயங்கும் குனோப்பிக்ஸ் என்னும் லினக்ஸ் அமைப்பை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தில் பள்ளிகளுக்கென்றே லெர்ன்ஸ்டிக் என்ற விரலி அமைப்பு உருவாக்கப்பட்டுள்ளது. மாணவர்கள் பள்ளியிலும் வீட்டிலும் ஒரே அமைப்பில் பயில அஃது உதவுகின்றது.

நமக்கு வேண்டியவாறு ஒன்றைக் கட்டிக்கொள்ள, டெபியன் லினக்ஸில் லைவ்-பில்டு என்னும் கருவி இலவசமாகக் கிடைக்கின்றது. கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுவதுபோல் மென்பொருள்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்தால், அக்கருவி அவற்றை இணையத்திலிருந்து பெற்று ஒரே கோப்பாகக் கட்டித் தரும். கட்டும்போதுதான் இணையம் தேவை, வகுப்பில் தேவையில்லை. தொடர்பு குன்றிய தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இதுவே பெருநன்மை எனக் கருதுகின்றோம்.

பட்டியலில் லிப்ரெஆபிஸ், சிறுவர்க்கான ஜிகாம்பிரி, கணக்குப் பயிற்சிக்கு டக்ஸ்மேத் ஆகியவை போதும். கிடைப்பதையெல்லாம் திணித்தால் பழைய கணினி தள்ளாடும். ஆனால் தமிழ் எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் மறத்தல் கூடாது. எழுத்துரு இல்லையேல் தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகத் தோன்றக்கூடும். கணினி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதையும் முன்னரே பார்த்தல் வேண்டும். 2025இல் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் பதிப்பைக் கைவிட்டுவிட்டது.

கட்டிய கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்தால் விரலி இயங்காது. அதற்குரிய மென்பொருளைக் கொண்டு விரலி முழுவதிலும் எழுத வேண்டும். அப்போது விரலியில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும். பின்னர், கணினியைத் தொடங்குகையில் விரலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12 விசை அதற்கு உதவும்.

இனி, மிகவும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விரலியிலுள்ள அமைப்பு, படிக்க மட்டுமே இயலுமாறு சுருக்கி வைக்கப்பட்டது. மாணவர் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில் மட்டுமே தங்கி, கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது நன்மையே. எதைக் கலைத்தாலும் மறுநாள் யாவும் பழையபடி இருக்கும். கட்டுரை எழுதும் ஆறாம் ஆண்டு மாணவருக்கோ, ஒரு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

ஆகவே, அவர்களுடைய விரலியின் எஞ்சிய இடத்தில் ‘பெர்சிஸ்டன்ஸ்’ எனப் பெயரிட்ட இரண்டாம் பகுதியை உருவாக்க வேண்டும். எவற்றைக் காக்க வேண்டும் எனக் கூறும் சிறு கோப்பை அதில் வைத்து, தொடக்கக் கட்டளை வரியிலும் அச்சொல்லைச் சேர்த்துவிட்டால் எழுதியவை நிலைத்திருக்கும். ஒரு கட்டுரையை எழுதிச் சேமித்து, கணினியை அணைத்து, மீண்டும் இயக்கி அது கிடைக்கின்றதா எனப் பார்த்த பின்னரே மற்ற விரலிகளை ஆயத்தம் செய்தல் நன்று. கணினி முழுமையாக அணைந்த பிறகே விரலியைக் கழற்றவும் மாணவர்களைப் பழக்க வேண்டும்.