சாய்த்தால் கோணும் வட்டம்

பொம்மைப் பெட்டியிலும் ஐஸ்கிரீம் வண்டியிலும் ஆங்கிலப் பெயர்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கொழுகொழுவென்று தடித்த எழுத்து. முனைகள் எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும். சில எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, ஓடத் தயாராவதுபோல் நிற்கும். நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிட்டால் இது கிடைத்துவிடும் என்றுதான் நினைப்போம். கிடைக்காது. ஏன் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு கட்டத் தாளும் காம்பஸும் அளவுகோலும் போதும்.

ஒரே மையத்தில் 10 கட்ட ஆரத்தில் ஒரு வட்டமும், 6 கட்ட ஆரத்தில் இன்னொரு வட்டமும் போடுங்கள். இடையில் உள்ள வளையம்தான் நம்முடைய தடித்த ‘ஓ’. எங்கே அளந்தாலும் 4 கட்டம் இருக்கும். இனி அதைச் சாய்ப்போம். மையத்துக்கு 5 கட்டம் மேலே உள்ள புள்ளிகளை 1 கட்டம் வலப்பக்கம் நகர்த்துங்கள்; 10 கட்டம் மேலே உள்ளதை 2 கட்டம். மையத்துக்குக் கீழே உள்ளவற்றை இதே கணக்கில் இடப்பக்கம் தள்ளுங்கள். புள்ளிகளை இணைத்தால் இரண்டு வட்டங்களும் நீள்வட்டமாகியிருக்கும். இப்போது வளையத்தை அளந்து பாருங்கள். மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருத்திருக்கும். எதிர் மூலைகளில் அதே அளவு மெலிந்திருக்கும்!

மெல்லிய எழுத்தில் இந்தக் கோணல் கண்ணில் படாது. தடித்த எழுத்தில் வீக்கம்போல் துருத்திக்கொண்டு தெரியும். உருண்ட முனைகளின் கதியும் இதுதான். அரைவட்டம் ஒரு பக்கம் கோணிப்போகும். அதனால் நல்ல எழுத்துரு வரைபவர் சாய்த்ததோடு விடுவதில்லை. பருத்ததைக் குறைத்து, மெலிந்ததைக் கூட்டி, ஒவ்வொரு முனையையும் திரும்ப உருட்டுகிறார். எனக்கு மிகப் பிடித்த வேலை இது. யாருக்கும் தெரியாமல் செய்தால்தான் அது நன்றாகச் செய்த வேலை.

நம் கண்ணுக்காகவும் அவர் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரே தடிமனில் வரைந்தால், படுக்கைக் கோடு நிற்கும் கோட்டைவிடத் தடிப்பாகத் தெரியும். அதனால் அதைக் கொஞ்சம் ஒல்லியாக வரைவார்.

கணினியில் இந்த வளைவுகளை வரையும் முறை எங்கே பிறந்தது தெரியுமா? பிரான்சின் கார் தொழிற்சாலைகளில்! கார் உடலின் வளைவுகளைக் கணக்காக எழுதிவைக்க, சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியரும் வழி கண்டார்கள். இன்று எழுத்துருக்களின் வளைவுகள் பெசியர் பெயரைச் சொல்கின்றன. உருண்ட முனை எழுத்துகளில் பேர்பெற்ற ஒன்றும் கார் நிறுவனத்துக்காகவே பிறந்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகனுக்காக 1979இல் உருவான ‘வாக் ரவுண்டட்’ அது.

இந்தக் கொழுத்த எழுத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் போடக் கூடாது. சிறிதாக அச்சிட்டால் எழுத்துகளின் உள்வெளி அடைபட்டு, மை அப்பியதுபோல் ஆகிவிடும். பெயர்ப்பலகையும் தலைப்பும்தான் அதற்குச் சரியான இடம்.

அளவுகோலுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஏதாவது ஒரு சுவரொட்டியில், பெரிய ஆங்கில எழுத்துகளில் ‘ஹெச்’சின் உயரத்தையும் ‘ஓ’வின் உயரத்தையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ‘ஓ’ மேலும் கீழும் கொஞ்சம் நீண்டிருக்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் நீங்களே வரைந்து, எது குட்டையாகத் தெரிகிறது என்று நண்பர்களிடம் கேளுங்கள்.