விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுத் தட்டுக்கு!

காலையில் கறந்த பால் சங்கத்துக்குப் போகிறது. கோழி இட்ட முட்டை, கேட்டு வரும் வியாபாரிக்கு. உளுந்து களத்திலிருந்தே மூட்டையாக மண்டிக்கு. நிலக்கடலையில் திரட்சியான பருப்பெல்லாம் விலைக்கு. சூம்பியதும் சொத்தையும் வீட்டுக்கு. அடுப்பில் வேகிறது ரேஷன் அரிசி. மாலையில் பிள்ளைகள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். நம் கிராமங்களில் பல உழவர் வீடுகளின் அன்றாடக் கணக்கு இதுதான்.

இதன் விளைவு எங்கே தெரிகிறது? 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கும் மேல். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை. உணவை விளைவிக்கும் வீட்டிலேயே இந்தக் குறை இருப்பதுதான் வேதனை.

பயிருக்குத் தெரிந்த கணக்கு

நெல்லுக்கு யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று எந்த உழவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிர் கருகருவென்று வளரும். பிறகு பூச்சி வரும், சாயும், மணி பிடிக்காது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சேர்ந்தால்தான் விளைச்சல். அவை மூன்றும் சரியாக இருந்தும் துத்தநாகச் சத்து குறைந்தால் நாற்று பழுத்து நிற்கும். எது குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கிறது.

மனித உடம்பும் இதே கணக்குதான். அரிசி, தானியம், கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து உழைப்புக்கு எரிபொருள். பருப்பு, பயறு, பால், முட்டை, மீன், கறி ஆகியவற்றிலுள்ள புரதம் தசையையும் ரத்தத்தையும் கட்டுகிறது. எண்ணெயிலும் கடலையிலும் உள்ள கொழுப்பு சேமிப்புச் சக்தி. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். இவை பேரூட்டம். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, அயோடின், துத்தநாகம், வைட்டமின்கள் ஆகியவை நுண்ணூட்டம். வேண்டிய அளவு கொஞ்சம்தான். ஆனால், அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான ஒரு நாள் உணவு இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது. சமைப்பதற்கு முந்தைய எடை இது.

- அரிசி, சிறுதானியம்: 250 கிராம்
- பருப்பு, பயறு (அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், கறி): 85 கிராம்
- காய்கறி, கீரை: 400 கிராம்
- பழம்: 100 கிராம்
- பால் அல்லது தயிர்: 300 மில்லி
- நிலக்கடலை, எள் போன்றவை: 35 கிராம்
- எண்ணெய்: 27 கிராம்

கடினமாக உழைப்பவருக்கு இது கூடும். வீட்டில் இதைச் சரிபார்க்க தராசு வேண்டாம். மளிகைச் சீட்டு போதும். நால்வர் உள்ள வீட்டில் இந்தக் கணக்குப்படி மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய் போதுமானது. உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம். நால்வருக்கு மாதம் 600 கிராம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இதற்குள் அடக்கம்.

சோற்றில் இல்லாதது பயறில் இருக்கிறது

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை. மூன்று வேளையும் சேர்த்து 400 கிராம் அரிசி, சாம்பாரில் 20 கிராம் பருப்பு, டீயில் கொஞ்சம் பால் என்று உண்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 40 கிராம். அதிலும் பெரும்பகுதி அரிசிப் புரதம். அரிசிப் புரதத்தில் 'லைசின்' என்ற கூறு குறைவு. பயறு வகைகளில் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறையும் 'மெத்தியோனின்' அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். இட்லியும் வெண்பொங்கலும் பருப்புச் சோறும் நம் பாட்டிமார் கண்ட நல்ல கலவைகள்.

மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்பது நினைவில் வைக்க எளிய அளவு. ஒரு கைப்பிடி தட்டைப்பயறு அல்லது கொள்ளுச் சுண்டல், 30 கிராம் நிலக்கடலை, ஒரு முட்டை - இவை ஒவ்வொன்றிலும் 6 முதல் 7 கிராம் புரதம் கிடைக்கும். நாளொன்றுக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தாலே பற்றாக்குறை தீர்ந்துவிடும்.

கடைசியாகச் சாப்பிடுபவர்

சினை மாட்டுக்கு ஏழாம் மாதம் முதல் அடர்தீவனத்தைக் கூட்டிப் போடும் வீடுகள் உண்டு. கன்று நன்றாகப் பிறக்க வேண்டும், பால் குறையக் கூடாது என்ற அக்கறை. அதே வீட்டில் கர்ப்பிணி மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை ரசத்தில் பிசைந்து சாப்பிடுகிறார். பருப்பும் காயும் முதல் பந்தியிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

ஆனால், இரும்புச் சத்து அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாயில் ரத்தம் இழக்கும் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். 400 கிராம் அரிசியில் 3 மில்லிகிராம்கூட இல்லை. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 4 மில்லிகிராமுக்கு மேல். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம். அரிசியில் அது 10 மில்லிகிராமுக்கும் குறைவு.

தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு சிறிதளவே உறிஞ்சும். அதைக் கூட்ட வழி உண்டு. கீரை, பயறோடு எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா என ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டீ, காபியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பயறை முளைகட்டுவதும், கம்பு, கேழ்வரகுக் கூழை இரவில் புளிக்கவைப்பதும் இரும்பு உடம்பில் சேர உதவும்.

மூச்சு வாங்குதல், படி ஏறினால் படபடப்பு, வெளிறிய கண் இமை, எப்போதும் சோர்வு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. அந்த நிலையில் உணவு மட்டும் போதாது; மாத்திரையும் வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போவது இயல்பு. பயந்து நிறுத்தக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதே நேரத்தில் சாப்பிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களின் பாதம் வழியாகக் கொக்கிப்புழு உடம்புக்குள் நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். கழிப்பறையைப் பயன்படுத்துவது, வெளியே போகும்போது செருப்பு அணிவது, சுகாதாரப் பணியாளர் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவது - மூன்றும் வேண்டும்.

குன்னூரில் தொடங்கிய ஆய்வு

இன்று ஹைதராபாத்தில் இருக்கும் ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நீலகிரி மாவட்டம் குன்னூரில்தான். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 'பெரிபெரி' நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த ஆய்வுப் பிரிவே வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது.

பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவால் கால் மரத்து, வீங்கி, இதயமும் பழுதாகும் நோய். நன்றாகத் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களை அது தாக்கியது. தவிட்டோடு அந்தச் சத்தும் போய்விடுவதே காரணம். நெல்லைப் புழுக்கும்போது மேல்தோலிலுள்ள பி1 சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட மேல். வீட்டு நெல்லை அரைக்கும்போது, 'வெள்ளை வெளேர்' என்று தீட்ட வேண்டாமென ஆலையில் சொல்லிவிடலாம். அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவாமல் இருப்பதும், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிப்பதும் மிச்சமுள்ள சத்தைக் காக்கும்.

உழைப்பு மாறியது, சோறு மாறவில்லை

ஏற்றம் இறைத்து, ஏர் பிடித்து, அரிவாளால் அறுத்த காலத்தில் மூன்று வேளைச் சோறும் செரித்தது. இன்று டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது, மோட்டார் இறைக்கிறது. கடினமாக உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்த வேலை செய்பவருக்கு 2,110 போதும். இடையிலுள்ள 1,360 கலோரி என்பது ஏறத்தாழ 390 கிராம் அரிசி. உழைப்பு குறைந்த பிறகும் அந்த அரிசி தட்டில் தொடர்ந்தால், அது இடுப்பில் கொழுப்பாகவும், பிறகு சர்க்கரை நோயாகவும் வரக்கூடும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காயையும் பயறையும் வைப்பது நல்லது.

5 சென்ட் போதும்

நால்வர், ஐவர் உள்ள வீட்டின் காய்கறித் தேவையின் பெரும்பகுதிக்கு 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட் நிலம் போதும். அவ்வளவு இல்லாதவர்கள் ஒரு சென்ட்டிலும் தொடங்கலாம்.

ஓரத்தில்: முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பப்பாளி இரண்டு, எலுமிச்சை ஒன்று, அகத்தி இரண்டு. நிழல் பாத்தியில் விழாதபடி மரங்கள் வடக்குப் பக்கம் இருக்கட்டும். விரைவில் காய்க்க வேண்டுமானால், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 செடிமுருங்கையை விதைக்கலாம்.

வேலியில்: அவரை, பாகல், பீர்க்கன், கோவை.

பாத்தியில்: கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கொத்தவரை. சிறுகீரை, அரைக்கீரையை ஒரே நாளில் விதைக்காமல், 15 நாள் இடைவெளியில் ஒவ்வொரு பாத்தியாக விதைத்தால் எப்போதும் கீரை இருக்கும்.

குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். பூச்சிக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியை வீட்டுத் தோட்டத்தில் அடிக்கவே கூடாது.

பயறுக்கு வருவோம். தலைக்கு 60 கிராம் என்று வைத்தாலும் நால்வருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 88 கிலோ வேண்டும். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினால் 12 கிலோ கிடைக்கும். மீதிக்கு நெல் தரிசில் விளையும் உளுந்து, பாசிப்பயறில் ஒரு பங்கை விற்பதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். வரப்பில் தட்டைப்பயறும் உளுந்தும் ஊன்றினால் தனி நிலம்கூட வேண்டாம். ஆண்டுக்கு 60 முட்டை இடும் ஐந்து நாட்டுக்கோழிகள் இருந்தால் வாரத்துக்கு ஐந்தாறு முட்டைகள் கிடைக்கும். அவற்றில் முதல் பங்கு கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்.

வீடுகளில் எழும் சந்தேகங்கள்

வெல்லம் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?
வெல்லத்தில் சிறிது இரும்பு உண்டு. ஆனால், அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தசோகைக்கு வெல்லத்தை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல. எள், நிலக்கடலையோடு அளவாகச் சேர்க்கலாம்.

சர்க்கரை நோயாளி கேழ்வரகுக் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?
கூடாது. கேழ்வரகிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். அளவு முக்கியம். கீரை, காய், பயறோடு சேர்த்துக் குறைவாகச் சாப்பிட வேண்டும்.

சூம்பிய கடலையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?
சூம்பியதையும் தவிர்ப்பதே நல்லது. பூஞ்சணம் பிடித்தது, நிறம் மாறியது, கசப்பது எதையும் சாப்பிடக் கூடாது. மாட்டுக்கும் போடக் கூடாது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் 'அஃப்ளாடாக்சின்' நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அறுவடை முடிந்ததும் நன்றாகக் காயவைப்பதே தடுப்பு.

குழந்தைக்கு டப்பா சத்துமாவு வாங்கத்தான் வேண்டுமா?
தேவையில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பிறகு தாய்ப்பாலோடு, கேழ்வரகு மூன்று பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு வறுத்து அரைத்த மாவில் கூழ் காய்ச்சி, சில சொட்டு எண்ணெய் அல்லது நெய் விட்டுக் கொடுக்கலாம். மசித்த பருப்புச் சோறு, கீரை, பழம், முட்டை எனப் படிப்படியாகச் சேர்க்க வேண்டும்.

விதைக்கு நல்ல மணியைத் தனியே எடுத்துவைப்பது எந்த உழவரும் மறக்காத பழக்கம். அதே களத்தில், அதே நாளில், வீட்டுக்கு என்று இன்னொரு மூட்டையையும் கட்டிவைக்கலாம். பால் கேனை மூடும் முன் ஒரு செம்பு ஊற்றிவைக்கலாம். இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, பருப்பையும் காயையும் சமமாகப் பங்கிட்டுச் சாப்பிடலாம். இதற்கு மானியமும் வேண்டாம், மனுவும் வேண்டாம். வீட்டில் எடுக்கும் முடிவு போதும்.