2 டிபி பென் டிரைவ் 599 ரூபாயா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

இப்படி ஒரு விளம்பரம் உங்க போனுக்கும் வந்திருக்கலாம்: "2 டிபி பென் டிரைவ், 599 ரூபாய் மட்டுமே, இன்று இரவு வரை!" போன்ல இடம் இல்லைன்னு தினமும் எச்சரிக்கை வந்துக்கிட்டே இருக்கிற நேரத்துல, விரல் தானாகவே 'வாங்கு' பொத்தான் பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்க.

ஒவ்வொரு பென் டிரைவுக்குள்ளும் மெமரி கார்டுக்குள்ளும் ஒரு சின்ன கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று கணினிக்குச் சொல்வது அதுதான். கணினி அதை அப்படியே நம்பும், அளந்து பார்ப்பதில்லை. போலி தயாரிப்பாளர்கள் செய்வது இதுதான்: உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோ நினைவகத்தை வைத்துவிட்டு, சில்லை மட்டும் "2 டிபி" என்று பொய் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள்.

முதல் சில நாள் எல்லாம் சரியாகவே இருக்கும். போட்ட படம் திறக்கும், பாட்டு ஓடும். உண்மையான இடம் நிரம்பிய பிறகுதான் வில்லங்கம். புதிதாக வரும் தகவல் பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாமலே போய்விடும். ஆனால் கோப்பின் பெயர், தேதி, அளவு எல்லாம் பட்டியலில் அழகாகத் தெரியும். "அதான் காப்பி ஆயிடுச்சே"ன்னு நம்பி போன்ல இருந்ததை அழிச்சிடுவோம். ஆறு மாசம் கழிச்சு தங்கச்சி கல்யாண வீடியோவைத் திறந்தா, 'கோப்பு பழுதடைந்துள்ளது'ன்னு வரும். 599 ரூபாய் போனது பெரிசில்லை. அந்த வீடியோ திரும்ப வராது.

அதனால் எந்தப் புது டிரைவ் வாங்கினாலும், அதில் எதையும் போடுவதற்கு முன் ஒருமுறை முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டிரைவ் முழுக்கச் சோதனைத் தகவலை எழுதி, பிறகு திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பெரிய டிரைவ் என்றால் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுங்க. தவறு என்று வந்தால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். "1 டிபின்னு வாங்கினேன், கம்ப்யூட்டர்ல 931 ஜிபிதான் காட்டுது, ஏமாத்திட்டாங்களா?" இல்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1000-க்குப் பதில் 1024 ஆல் வகுத்துக்கொண்டு போகிறது. அதே அளவுதான், கணக்கு மட்டும் வேறு. அதே கணக்கில் 64 ஜிபி என்பது 59 ஜிபிக்குப் பக்கத்தில் தெரியும். வேடிக்கை என்னன்னா, போலி டிரைவும் இந்த எண்ணைச் சரியாகவே காட்டும்!

எதுக்கு எது?

போட்டோ, வீடியோ நிறைய இருக்கிற குடும்பத்துக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் இன்றும் கட்டுப்படியாகும். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு அதில்தான் குறைவு. ஆனால் உள்ளே தட்டு சுழலும் இயந்திரம் அது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் அதோடு முடிந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை, வேகமும் பல மடங்கு, விலையும் கூடுதல். தினமும் கையில் எடுத்துப் போகிறவர்களுக்கு அது நல்லது. பீரோவுக்குள் வைத்துப் பூட்டி வருஷக்கணக்கில் மறந்துவிடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, மின்சாரமே காட்டாமல் நெடுங்காலம் கிடந்தால் அது கசியக்கூடும். பழைய லேப்டாப் ஆமை மாதிரி ஓடுகிறதா? புதுசு வாங்குவதற்கு முன், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல கணினிகளுக்கு அதுவே மறுபிறவி.

போனுக்கு மெமரி கார்டு என்றால், முதலில் உங்கள் போனில் அதற்கு இடம் இருக்கிறதா, எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று பாருங்கள். கார்டின் மேலேயே இருக்கும் சின்ன எழுத்துகளையும் கவனிங்க. ஏ1, ஏ2 என்பவை செயலிகளை அதிலிருந்து ஓட்டுவதற்கான தரம். யு3 அல்லது வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், 4கே வீடியோ எடுக்கலாம். கார்டு போட இடமில்லாத போனுக்கு டைப்-சி முனை உள்ள பென் டிரைவ் போதும். ஃபேட்32 முறையில் இருக்கும் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. "இடம் இருக்கு, ஆனா வீடியோ மட்டும் போகமாட்டேங்குது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்காதீங்க.

வீட்டு சிசிடிவிக்கு ஒரு கணக்கு. நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி எடுக்கும். 64 ஜிபி கார்டு போட்டால் மூன்று நாள் கூட முழுசாக நிற்காது. திருட்டு நடந்ததை ஊரிலிருந்து திரும்பி வந்து நாலாம் நாள் பார்க்கிறவருக்கு அந்தப் பதிவு மேலெழுதப்பட்டுப் போயிருக்கும். நான்கு கேமரா என்றால் 1 டிபி ஹார்ட் டிஸ்க் சுமார் பதினோரு நாள் தாங்கும். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதால் சாதாரண கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: யூஎஸ்பி 2.0 வழியாக 500 ஜிபியை மாற்ற நான்கு மணி நேரம் போல ஆகும். அதே ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பி 3-இல் செருகினால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியலாம். பல கணினிகளில் உள்ளே நீல நிறமாக இருப்பதுதான் யூஎஸ்பி 3 துளை.

சான்றிதழ்கள் மட்டும் தனி

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் எத்தனையோ வீடுகளில் சான்றிதழ்கள் தண்ணீரோடு போயின. மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டி வந்தது. அதே பீரோவில் ஹார்ட் டிஸ்க் இருந்திருந்தாலும் அதுவும் நனைந்துதான் இருக்கும். முக்கியமானவற்றை இரண்டு டிரைவில் போட்டு, ஒன்றை அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ வையுங்கள்.

சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போல, வழங்கிய துறையிலிருந்தே நேரடியாக அதில் வரும் ஆவணங்களுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான், இரண்டையும் குழப்பிக்காதீங்க.

பிரிண்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போகும்போது குடும்பத்தின் மொத்தப் போட்டோவும் ஆதாரும் இருக்கிற டிரைவைக் கொண்டு போகாதீர்கள். அதற்கென்று ஒரு 16 ஜிபி பென் டிரைவ் தனியாக இருக்கட்டும். அங்கே வைரஸ் தொற்றினாலும், மறந்து வைத்துவிட்டு வந்தாலும் போகிறது அவ்வளவுதான்.

வாங்கும்போது பில் கேளுங்கள். "அஞ்சு வருஷம் வாரண்டி சார்" என்று கடைக்காரர் சொல்வது டிரைவுக்குத்தான், உள்ளே இருக்கும் தகவலுக்கு அல்ல. கெட்டுப்போனால் புது டிரைவ் கொடுப்பார்கள், படங்களைக் கொடுக்க மாட்டார்கள். யூஎஸ்பி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. அட்டைப் பெட்டியிலோ டிரைவின் முதுகிலோ 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். போலியை விற்றுவிட்டு, திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பில்லும், அந்தச் சோதனையின் திரைப்படமும் அப்போது கையில் இருக்கட்டும்.