நிலநடுக்கத்துக்குப் பிறகு குழாயில் தண்ணி வருமா?

அன்னவாசல்ல எங்க தெரு கொஞ்சம் மேடு. தொட்டியில தண்ணி குறைஞ்சா முதல்ல நிக்கிறது எங்க குழாய்தான். பள்ளத்துத் தெருவுல அப்பவும் குடம் நிறைஞ்சுகிட்டு இருக்கும். நிலநடுக்கத்துக்குப் பிறகு குடிநீர்க் குழாய்கள் எப்படி இயங்கும்னு கணிக்கிற கணினி மாதிரிகளைப் படிச்சப்போ, இந்த மேடு பள்ளம்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வெச்சது.

நம்ம பக்கம் பெரிய நடுக்கத்துக்கு வாய்ப்பு குறைவு. ஆனா 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதி குலுங்கியபோது, உருளைத் தண்டின் மேல் நின்ற பல மேல்நிலைத் தொட்டிகள் அடிப்பகுதியில் விரிசல் விட்டன. 1995-ல் ஜப்பானின் கோபே வட்டாரத்தில் சுமார் 13 லட்சம் வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. முழுசா சரியாக மூணு மாசம் வரை ஆச்சு.

மாதிரியின் முதல் வேலை, எந்தக் குழாய் உடையலாம்னு கணிப்பது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட், பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் சட்டுனு உடையும். பாலிஎத்திலீன் குழாய் வளைஞ்சு கொடுக்கும். உறுதியா சொல்ல முடியாததால, கணினி பலநூறு தடவை பகடை உருட்டிப் பார்க்கும்.

அடுத்து நீரோட்டக் கணக்கு. இங்கதான் சிக்கல். பழைய முறை, ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான தண்ணி போய்ச் சேருதுன்னு வெச்சுகிட்டு அழுத்தத்தைக் கணக்கிடும். சாதாரண நாளில் அது சரி. குழாய் உடைஞ்ச நாளில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும், வீட்டுக்குத் தண்ணி போகுதுன்னே காட்டும்!

புது முறையில் அழுத்தம் குறைஞ்சா வரத்தும் குறையும். நம்ம நாட்டின் 1999 வழிகாட்டுதல்படி ஒற்றைத்தள வீட்டுக்கு 7 மீட்டர் அழுத்தம் வேணும்னு இருந்தது. அது கால்வாசியா, 1.75 மீட்டரா ஆனா, தண்ணி பாதிதான் வரும். வர்க்கமூலக் கணக்கு அது. இலவசமா கிடைக்கிற ஈபாநெட் மென்பொருளில் 2020-ல் வந்த 2.2 பதிப்பிலிருந்து இந்த முறை இருக்கு.

இதனால என்ன ஆகும்? பழைய கணக்கை நம்பினா, வறண்ட தெருவுக்குத் தண்ணி லாரி போகாது. அழுத்தம் இல்லாத குழாய்க்குள் விரிசல் வழியா சாக்கடை நுழையலாம்ங்கிறதும் தெரியாது. இன்னொண்ணு, உடைப்பு பள்ளத்தில் இருந்தாலும் முதல்ல காயறது மேடுதான். காய்ஞ்ச தெருவைத் தோண்டிப் பயனில்லை; பள்ளத்து வால்வை மூடினா, மேட்டுக்குத் தண்ணி ஏறலாம்.

உங்க தெருவோட உயரங்களைப் போட்டு, ஒரு குழாயை உடைச்சுப் பாருங்க. எந்த வீடு முதல்ல காயுதுன்னு தெரியும்.