விசாவுக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே!

“ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கிறா டாக்டர். சோறு இறங்க மாட்டேங்குது. மாசமாசம் சரியா வந்த விலக்கு இப்போ ரெண்டு மாசமாத் தள்ளிப் போகுது. அதுவா இருக்குமோன்னு நினைக்கவும் வழியில்லை... மாப்பிள்ளை ஊருக்குப் போயிப் பத்து மாசமாச்சே!”

அம்மா மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தேழு. நாடி பிடித்தால் பித்தம் துள்ளிக் கொண்டிருந்தது. “என்னம்மா பயம்?” என்று கேட்டேன். பதில் அம்மாவிடமிருந்துதான் வந்தது. “விசா டாக்டர்! அடுத்த மாசம் மெடிக்கல், அப்புறம் பம்பாயில பேட்டி.”

சித்த மருத்துவருக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கல்யாணமாகி, கணவர் அக்கரையில், மனைவி இக்கரையில் என்று காத்திருக்கும் பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். தூக்கமின்மை, வயிற்றுப் பொருமல், முடி கொட்டுதல், விலக்குக் கோளாறு... மருந்து கொடுக்கிறேன், கொஞ்சம் கேட்கும். ஆனால் நோயின் வேர் ஒரு ஃபைலுக்குள் இருக்கும்போது சூரணம் மட்டும் என்ன செய்யும்?

கணவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் முதலில் அவர்தான் அங்கே குடியுரிமைத் துறையில் ஐ-130 என்ற மனுவைப் போட வேண்டும். அது ஏற்கப்பட்டதும் ஃபைல் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், டிஎஸ்-260 விண்ணப்பம், மனைவியைக் காப்பாற்ற வருமானம் இருக்கிறது என்று கணவர் கொடுக்கும் உறுதிப் பத்திரம், போலீஸ் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகலாம். நம் வீடுகளில் கோளாறு வருவது பெரும்பாலும் பெயரில்தான்! பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், கல்யாணப் பதிவில் வேறொரு எழுத்துக்கோர்வை. கல்யாணம் ஆனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். 90 நாட்களுக்குள் முடித்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது.

இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு முடிந்திருந்தது. பிறகு எதற்கு இந்தப் பயம்?

அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். கதவு மூடியதும் அவள் கண்ணில் நீர் கொட்டியது. “எனக்குப் பத்தொன்பது வயசுல டி.பி. இருந்துச்சு சார். ஆறு மாசம் மருந்து சாப்பிட்டுச் சரியாயிடுச்சு. அவங்க வீட்டுல சொல்லவே இல்லை. அம்மா மருந்து அட்டையைக்கூடக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. இப்போ அதைக் கேட்கிறாங்களே!”

அம்மா உள்ளே வந்ததும் கேட்ட கேள்வியும் அதுதான். “இல்லைன்னு சொல்லிட்டா என்ன டாக்டர்? யாருக்குத் தெரியப் போகுது?”

எக்ஸ்ரேவுக்குத் தெரியும் அம்மா! க்ஷயம் குணமானாலும் நுரையீரலில் தழும்பு விட்டுப் போகும். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே கட்டாயம். அதுவும் தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்தான். உங்கள் குடும்ப டாக்டர் கொடுக்கும் சர்டிபிகேட் அங்கே செல்லாது, என்னுடையதும் செல்லாது. அதைவிடப் பெரிய விஷயம், பழைய வியாதி விசாவைக் கெடுக்காது. பொய்தான் கெடுக்கும். விசாவுக்காக முக்கியமான உண்மையை மறைத்தது தெரிந்தால் அமெரிக்கச் சட்டப்படி நிரந்தரத் தடையே வரலாம். பிறகு மன்னிப்பு மனு, வக்கீல் என்று அலைய வேண்டியதுதான்.

அந்த அம்மாவை நான் கோபிக்கவில்லை. டி.பி. என்றால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது என்று பயந்து வாழ்ந்த தலைமுறை நாங்கள். ஆனாலும் மகளிடம் ஒன்று சொன்னேன்: “படிவத்தில் எழுதுறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர்கிட்டே நீயே சொல்லிடு. வேற யார் வாயிலேயும் அவர் கேட்கக் கூடாது.”

இரண்டு நாள் கழித்து வந்தாள். போனில் சொன்னாளாம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, “ஏன் ஒரு வருஷமா இதைத் தனியாச் சுமந்தே?” என்றாராம். அன்று ராத்திரி அவள் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறாள். நான் கொடுத்த மருந்தில் பாதி அப்படியே இருந்தது!

கிழித்த அட்டைக்கும் வழி இருந்தது. சிகிச்சை எடுத்த அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் பதிவேடு இருந்தது. நகல் வாங்கிக்கொண்டாள். மெடிக்கலில் நினைத்தபடியே தழும்பு தெரிந்தது. அடுத்தடுத்து மூன்று நாள் காலைச் சளி எடுத்தார்கள். கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்ல, வளர்ப்புச் சோதனைக்கு எட்டு வாரம் ஆகும். அதனால் பேட்டித் தேதி தள்ளிப் போயிற்று. டி.பி. வந்து போனவர்கள் இந்த எட்டு வாரத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

மெடிக்கலுக்குப் போகும் மற்றவர்களுக்கும் சில விஷயங்கள். ரத்தம், சிறுநீர் எடுப்பது பால்வினை நோய்களுக்காக. வெட்கப்பட ஒன்றுமில்லை, வழக்கமான சோதனைதான். எச்.ஐ.வி. இருந்தால் விசா இல்லை என்ற விதி 2010-லேயே போய்விட்டது. தடுப்பூசியில்தான் நம் ஆட்கள் குழம்புகிறார்கள். “அம்மை போட்டிருக்கு” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. சின்னம்மை வந்திருந்தால் அந்த விவரத்தை மருத்துவர் ஏற்றுக்கொண்டு ஊசியை விட்டுவிடலாம். தட்டம்மைக்கு வாய்ச்சொல் செல்லாது, ஊசிக் கணக்கோ ரத்தப் பரிசோதனையோ வேண்டும். எந்த அம்மை என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

நாள் தள்ளிப் போயிருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிக்கு வயிற்றை மறைத்து எடுப்பார்கள், அல்லது பிரசவம் முடியும்வரை தள்ளிவைக்கலாம். தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் கர்ப்பத்தில் போடக் கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதத்துக்குக் கரு தங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தூக்கம் வராதவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, படுக்கும்போது பசும்பாலில் குன்றிமணி அளவு சாதிக்காய் இழைத்துச் சாப்பிடலாம். கர்ப்பிணிகள் வேண்டாம். அளவைக் கூட்டினால் மயக்கமும் படபடப்பும்தான் மிச்சம். செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் பித்தத்தை இறக்கும். பேட்டிக்கு முதல்நாள் மட்டும் வேண்டாம், ஜலதோஷத்தோடு போய் நிற்கும்படி ஆகும். அன்று காலை வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள், ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

பேட்டி பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்குவார்கள். எப்படிக் கல்யாணம் நிச்சயமானது, அவர் என்ன வேலை, எந்த ஊர்... வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த கேள்விகள்தான். பாடம் மாதிரி மனப்பாடம் செய்தவர்கள்தான் உளறுகிறார்கள். பேப்பர் ஏதாவது குறைந்தால் 221 (ஜி) என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பலர் அதை வாங்கியதும் அழுதுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது, கேட்டதைக் கொண்டுவா என்பதுதான்.

சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்து, அந்தப் பெண்ணுக்கு விசா கிடைத்தது. இப்படிப்பட்டவர்களுக்கு மெடிக்கல் செல்லுபடியாவது மூன்றே மாதம், சீக்கிரம் கிளம்ப வேண்டும். அங்கே போனதும் ஒரு தடவை சுகாதாரத் துறையில் காட்டவும் சொல்லியிருந்தார்கள்.

கிளம்பும் வாரம் அம்மா வந்தார். “ஆறு மாசத்துக்குப் பற்பம், செந்தூரம் எல்லாம் கட்டிக் கொடுங்க டாக்டர்.” மாட்டேன் என்றேன். 2004-ல் பாஸ்டனில் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. சரியாகப் புடம் போட்டதா இல்லையா என்று சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மேற்பார்வை இல்லாமல் ஆறு மாதம் சாப்பிடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெண்ணுக்கு விலக்கு சரியாகிவிட்டது, தூக்கமும் வருகிறது. அவளுக்கு எதற்கு மருந்து? சீரகமும் சுக்கும் அங்கேயே கடையில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குத்தான் இப்போது ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறேன்.