சுகாதார இன்ஷூரன்ஸும் கிராம மக்களின் ஆரோக்கியமும்

நோய் ஒரு குடும்பத்தை இரு வகையில் தாக்குகின்றது. உடலை வருத்துவது ஒன்று. பொருளை அழிப்பது மற்றொன்று. விவசாயக் கூலியின் வீட்டில் ஒருவர் பத்து நாட்கள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், சிகிச்சைச் செலவோடு கூலி இழப்பும் சேர்ந்துகொள்கின்றது. கறவை மாடு விலைபோகின்றது. நகை அடகுக்குச் செல்கின்றது. நோய் நீங்கிய பின்னரும் கடனுக்குரிய வட்டி நெடுநாள் நீங்குவதில்லை. இவற்றை எண்ணி அஞ்சுவோர் பலர், நோய் முற்றும் வரையில் வைத்தியரை நாடுவதே இல்லை. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடப்படும் சிகிச்சை இறுதியில் உயிருக்கே கேடாக முடிகின்றது.

இந்நாட்டில் இச்சுமை எத்தகையது என்பதைத் தேசிய சுகாதாரக் கணக்குகள் காட்டுகின்றன. 2013-14ஆம் ஆண்டில் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 சதவீதத்தை, மக்கள் சிகிச்சை பெறும் வேளையில் தங்கள் கையிலிருந்தே கொடுத்து வந்தனர். 2021-22இல் இது 39.4 சதவீதமாகக் குறைந்தது. அதே காலத்தில் அரசாங்கத்தின் பங்கு 28.6 சதவீதத்திலிருந்து 48.0 சதவீதமாக உயர்ந்தது. இம்மாறுதல் முழுவதும் இன்ஷூரன்ஸால் விளைந்தது அன்று. எனினும் அரசாங்கம் நடத்தும் இன்ஷூரன்ஸ் திட்டங்கள் இக்காலத்தில் பெரிதும் விரிவடைந்துள்ளன.

ஆனால் இன்ஷூரன்ஸ் அட்டை ஒன்று வீட்டில் இருப்பதனாலேயே சிகிச்சை கிடைத்துவிடுமா? சிகிச்சை கிடைத்தால் ஆரோக்கியம் உயருமா? இவ்வினாக்களுக்கு ஊகத்தினால் அன்றி, முறையான ஆராய்ச்சியினால் விடை காணும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. அவற்றின் முடிவுகள் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டியவை.

இன்ஷூரன்ஸின் தத்துவம்

இன்ஷூரன்ஸின் அடிப்படை எளிய கணக்கே ஆகும். ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை உதாரணமாகக் கொள்வோம். அங்கே ஆண்டுதோறும் 20 குடும்பங்களில் பெருநோய் நேருகிறது என்றும், ஒவ்வொன்றுக்கும் ரூ. 50,000 செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ரூ. 10,00,000. இதனை ஆயிரம் குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால் குடும்பத்துக்கு ரூ. 1,000 மட்டுமே ஆகும். எந்த இருபது குடும்பங்களுக்கு நோய் வரும் என்பதை ஒருவரும் முன்கூட்டி அறிய இயலாது. ஆனால் ஏறத்தாழ எத்தனை குடும்பங்களுக்கு வரும் என்பதைக் கணிக்க இயலும். இந்த உண்மையின் மீதே இன்ஷூரன்ஸ் நிற்கின்றது. உயர் வகுப்பு மாணவர்களுக்குச் சதவீதக் கணக்கோடு சேர்த்தே இதனைக் கற்பிக்கலாம்.

ஏழைகளால் இந்த ஆயிரம் ரூபாயையும் கொடுக்க இயலாத நிலையில், அரசாங்கமே வரிப் பணத்திலிருந்து அத்தொகையைச் செலுத்துகின்றது. தொழிலாளர்களுக்கோ, தாமும் முதலாளியும் சேர்ந்து சந்தா செலுத்தும் முறை முன்னரே ஏற்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டப்படி அமைந்த திட்டம் 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. நோயாளிக்கு மருத்துவ வசதி அளிப்பதோடு, நோயுற்ற நாட்களுக்கு ஊதியத்தில் ஒரு பகுதியையும் கொடுப்பது அத்திட்டத்தின் சிறப்பு. ஆயினும் வயலிலும் வீட்டிலும் உழைப்போர் அதன் எல்லைக்குள் வரவில்லை. அவர்களுக்கான பெருந்திட்டங்கள் இந்நூற்றாண்டிலேயே தோன்றின.

கர்நாடகத்தில் இரு ஆராய்ச்சிகள்

ஒரே ராஜ்யத்தில் நிகழ்ந்து, வெவ்வேறு முடிவுகளைத் தந்த இரு ஆராய்ச்சிகளை ஒப்பிட்டு நோக்குவது பயனுள்ளது.

முதலாவது, வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைப் பற்றியது. 2010ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கம் இதனை முதலில் ராஜ்யத்தின் வட பகுதியில் தொடங்கியது. இருதய நோய், புற்றுநோய் போன்ற பெருநோய்களுக்கு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கள் உயர்தர ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் சிகிச்சை பெற வழி செய்யப்பட்டது. தென் பகுதிக்கு இத்திட்டம் 2012இல்தான் வந்து சேர்ந்தது. ஆகவே இடைப்பட்ட காலத்தில், எல்லைக் கோட்டுக்கு வடக்கே இருந்த கிராமங்களுக்குத் திட்டம் இருந்தது. தெற்கே அருகிலிருந்த கிராமங்களுக்கு இல்லை. மண்ணும் மழையும் வாழ்க்கை முறையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தமையால், ஆராய்ச்சியாளர்களுக்கு இஃது இயற்கையாக அமைந்த ஒரு சோதனை ஆயிற்று. வடக்கே 300 கிராமங்களும் தெற்கே 272 கிராமங்களும் ஆராயப்பட்டன.

2014இல் வெளியான முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த மரண விகிதம், திட்டம் இல்லாத கிராமங்களில் 0.90 சதவீதமாகவும், திட்டம் இருந்த கிராமங்களில் 0.32 சதவீதமாகவும் இருந்தது. உயர்தர ஆஸ்பத்திரிகளில் ஏழைகள் கையிலிருந்து செய்த செலவும் வெகுவாகக் குறைந்திருந்தது. திட்டத்தில் சேராத, வறுமைக் கோட்டுக்கு மேற்பட்ட குடும்பங்களிலோ இரு பக்கத்து மரண விகிதங்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆதலின் இதனை வட்டாரத்தின் தன்மையால் நேர்ந்த வேறுபாடு என ஒதுக்கிவிட இயலாது.

இரண்டாவது ஆராய்ச்சி 2015இல் தொடங்கியது. ராஷ்டிரீய சுவாஸ்திய பீமா யோஜனா என்னும் மத்திய அரசுத் திட்டம் 2008 முதல் நடைபெற்று வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 30,000 வரை ஆஸ்பத்திரிச் செலவை அஃது ஏற்றது. இக்காப்பினை வறுமைக் கோட்டுக்கு மேற்பட்ட பதினாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களிடையே சோதித்துப் பார்த்தனர். குடும்பங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. சிலருக்கு இன்ஷூரன்ஸ் இலவசமாகக் கிடைத்தது. சிலருக்கு விலைக்கு வாங்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. எஞ்சியோர் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டனர். இலவசமாக அளிக்கப்பட்டவர்களில் 78.71 சதவீதத்தினரும், விலைக்கு அளிக்கப்பட்டவர்களில் 59.91 சதவீதத்தினரும் இன்ஷூரன்ஸைப் பெற்றுக்கொண்டனர். பணம் கொடுத்தும் பெறப் பாதிக்கு மேற்பட்டோர் முன்வந்தமை, மக்களிடையே இதன் தேவை உணரப்பட்டிருப்பதைக் காட்டுகின்றது. ஆனால் பின்னர் பல்வேறு அளவைகளால் உடல்நலத்தைச் சோதித்தபோது, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. மேலும், இன்ஷூரன்ஸ் பெற்றவர்களில் பலரால் அதனைப் பயன்படுத்தவே இயலாமற் போயிற்று.

வேறுபாட்டின் காரணம்

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முதல் திட்டம் ஏழைகளுக்கு உரியது. உயிரைப் பறிக்கும் பெருநோய்களைப் பற்றியது. இரண்டாவது, ஓரளவு வசதியுள்ளோரிடையே சாதாரண ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்காக நடத்தப்பட்டது. தாமாகவே செலவு செய்யக் கூடியவர்களுக்கு இன்ஷூரன்ஸால் உண்டாகும் உடல்நல மாறுதல் சிறிதாகவே இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆகவே நோயின் தன்மையும் மக்களின் நிலையும் வேறுபாட்டுக்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை.

எனினும் நடைமுறையில் இருந்த மற்றொரு வேறுபாடு களப்பணியாளர்கள் கவனிக்கத்தக்கது. வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில் ஏழைக் குடும்பங்கள் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, சந்தாவும் இல்லை. ஆஸ்பத்திரிகளே கிராமப்புறங்களில் முகாம்கள் நடத்தி, நோயாளிகளைப் பரிசோதித்து, உயர்தரச் சிகிச்சை தேவைப்படுவோரைப் பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தன. அதாவது, நோயாளி திட்டத்தைத் தேடிச் செல்லவில்லை. திட்டம் நோயாளியைத் தேடி வந்தது. இரண்டாவது ஆராய்ச்சியிலோ, அட்டை மட்டுமே வீட்டை அடைந்தது. அதனை எங்கே, எவ்வாறு பயன்படுத்துவது என்பதைக் குடும்பத்தினரே கண்டறிய வேண்டியிருந்தது.

அதே ஆராய்ச்சியில் வெளிப்பட்ட இன்னோர் உண்மை இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. ஒரு கிராமத்தில் எவ்வளவு அதிகமான குடும்பங்களுக்கு இன்ஷூரன்ஸ் அளிக்கப்பட்டதோ, அவ்வளவுக்கு அங்கே ஒவ்வொருவரும் அதனைப் பயன்படுத்துவது மிகுந்தது. அண்டை வீட்டார் பயன்படுத்தக் கண்டு மற்றவர்களும் கற்றுக்கொண்டனர் என்பதே ஆராய்ச்சியாளர் கருதும் காரணம். அறிவு பரவினால் அட்டைக்கு உயிர் வருகின்றது எனலாம்.

மன அமைதியும் ஒரு பயனே

இன்ஷூரன்ஸின் பயனை உடலளவில் மட்டும் அளப்பது முறையன்று. அமெரிக்காவின் ஓரிகன் ராஜ்யத்தில் 2008இல், ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸில் சேர ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தனர். இடம் குறைவாக இருந்தமையால் குலுக்கல் முறை கையாளப்பட்டது. இன்ஷூரன்ஸ் பெற்றோர் வைத்தியரை மிகுதியாக நாடினர். பெருஞ்செலவினால் நொடித்துப்போவது அவர்களிடையே ஏறக்குறைய இல்லாதொழிந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, இரத்த அழுத்தத்திலும் கொழுப்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. ஆனால் மனச்சோர்வு நோய் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. நாளை நோய் வந்தால் என்ன செய்வது என்னும் கவலை நீங்குவதும் நல்வாழ்வின் ஓர் அங்கமே என்பதற்கு இது சான்று.

அட்டையால் ஆகாதவை

தற்போது இந்தியாவில் நடைபெறும் மிகப் பெரிய திட்டம், 2018 செப்டம்பர் 23ஆம் தேதி ராஞ்சியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா ஆகும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவு இதில் அடங்கும். குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் தடையில்லை; முன்னரே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமானத்தைக் கருதாமல், இது விரிவாக்கப்பட்டது.

ஆனால் இது முக்கியமாக ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. நீரிழிவு நோயாளி நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைக்கும், வைத்தியரை வந்து பார்த்துச் செல்லும் செலவுக்கும் இதில் இடமில்லை. இழந்த கூலியும் உடன் வருவோரின் பஸ் கட்டணமும் குடும்பத்தின் பொறுப்பே. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணாதவருக்குப் பக்கவாதம் வந்த பின்னர் அட்டை உதவும்; பக்கவாதம் வாராமற் காக்க அதனால் இயலாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், துணை நிலையங்களிலிருந்து வளர்ந்த ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திரும் வேண்டும். அங்கே 30 வயது நிறைந்தோருக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் ஆகியவை குறித்துப் பரிசோதனை செய்வது திட்டத்தின் பகுதியாகும்.

குடும்பத்துக்குள்ளேயே காப்பு சமமாகப் பயன்படுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ராஜஸ்தானத்தில் 2015இல் தொடங்கிய பாமாஷா திட்டத்தின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சிகிச்சை பெற்ற குழந்தைகளிலும் முதியோரிலும் பெண்களின் பங்கு பாதிக்கும் வெகுவாகக் குறைந்திருந்தது. சிகிச்சை இலவசமான போதிலும், பயணச் செலவும் வேலை இழப்பும் நேருகையில் பெண்ணின் நோய் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. அட்டை எல்லோர் பெயரிலும் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்படுபவர் யார் என்பதை வீடே முடிவு செய்கின்றது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து களப்பணிக்கு உரிய சில வழிகள் தெளிவாகின்றன.

முதலாவது, நோய் வருவதற்கு முன்பே ஆயத்தம் செய்தல். குடும்பத்தினர் அனைவரின் பெயரும் அட்டையில் சேர்ந்துள்ளதா, பெயரும் வயதும் ஆதாருடன் ஒத்துள்ளனவா என்பதை ஓய்வான நாளிலேயே சரிபார்க்க வேண்டும். நள்ளிரவில் நோயாளியை வாசலில் வைத்துக்கொண்டு இதனைத் திருத்த முடியாது.

இரண்டாவது, செல்ல வேண்டிய இடத்தை அறிவித்தல். எல்லா ஆஸ்பத்திரிகளும் திட்டத்தில் சேர்ந்தவை அல்ல. அருகிலுள்ள, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பெயர்களையும், அவற்றில் அளிக்கப்படும் சிகிச்சைகளையும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் எழுதி வைக்கலாம். ஆஸ்பத்திரியை அடைந்ததும் அங்குள்ள ஆரோக்கிய மித்ரா என்னும் உதவியாளரை முதலில் காண வேண்டும் என்பதையும், திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 14555 என்னும் எண்ணில் முறையிடலாம் என்பதையும் மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

மூன்றாவது, வீட்டில் பேசாதோரின் நோயைக் கண்டறிதல். வீடு வீடாகச் செல்லும் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள், பெண்களையும் முதியோரையும் தனியே விசாரிக்க வேண்டும். வகுப்பில் அடிக்கடி வராத பெண் குழந்தையின் உடல்நிலையை முதலில் அறியக் கூடியவர் ஆசிரியரே.

நான்காவது, சிறு நோயைச் சிறிதாக இருக்கும்போதே கவனித்தல். முப்பது வயது நிறைந்தோரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், கிடைக்கும் மாத்திரையை இடைவிடாது உண்ணச் செய்வதும், எந்த இன்ஷூரன்ஸும் செய்ய இயலாத பணிகள்.

இன்ஷூரன்ஸ் ஏழையின் பொருளைக் காக்க வல்லது. தக்க நோய்க்கு, தக்க காலத்தில், தக்க ஆஸ்பத்திரியில் பயன்பட்டால் உயிரையும் காக்க வல்லது. ஆனால் அட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தை எழுத்தறியாத கூலியாள் தனியே கடக்க இயலாது. அவரை அழைத்துச் செல்லக் கூடியவர்கள் அவ்வூரிலேயே பணிபுரியும் ஊழியரும் ஆசிரியருமே ஆவர்.